ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: உங்களுக்குப் பிடித்த விசித்திரமான ஆங்கிலச் சொல் எது?

ப: டிஃபெனஸ்ட்ரேஷன். ஆளையோ பொருளையோ ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவது. லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். இதற்கெல்லாம் தனிச் சொல்லா என்பீர்கள். பிராக் நகரத்துக்குத் தேவைப்பட்டது. 1618 மே 23 அன்று, மதச் சண்டை முற்றி, புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோட்டைக்குள் புகுந்து பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் ஜன்னல் வழியே தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய 70 அடி உயரம். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. எழுத்தர் ஃபாப்ரிஷியஸுக்குப் பின்னாளில் கிடைத்த பிரபுப் பட்டம் 'ஃபான் ஹோஹென்ஃபால்'. அதாவது, உயரத்திலிருந்து விழுந்தவர். முப்பதாண்டுப் போரே இந்தச் சம்பவத்தில்தான் மூண்டது என்றாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பட்டம்தான்.

கே: நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்துகள்தானே?

ப: இல்லை. நியூ என்பதன் பன்மை, 'புதியவை', அவ்வளவே. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார், லேசர் அப்படி வந்தவை. அதற்கு முந்தைய சொல் எதற்காவது இப்படிக் கதை சொன்னால் நம்பாதீர்கள்.

கே: கேஷ் நம்முடைய 'காசு'தானே?

ப: பாதி ஆம். ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு, இத்தாலிய வழி. முதலில் அதற்குப் பணப்பெட்டி என்று பொருள். இன்னொன்று சில்லறை நாணயத்தின் பெயர். அது நம் காசு. போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் அதே பெயரில்தான் அழைத்தார்கள்.

கே: கோல்ஃப் என்பது 'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை' என்பதன் சுருக்கமாமே?

ப: இல்லை. நியூஸ் பதிலைப் படிக்கவும்.

கே: ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இப்படிப்பட்ட சொற்களைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

ப: என் துறை இல்லை. தேர்வுக்குச் சொல்லித் தருபவரைக் கேளுங்கள்.

கே: அம்பயருக்கும் பேரரசைக் குறிக்கும் எம்பயருக்கும் உறவு உண்டா?

ப: கிடையாது. பழைய பிரெஞ்சில் 'நான்பெர்' என்றால் ஜோடி இல்லாதவர். இருவர் மோதும்போது தீர்ப்புச் சொல்லும் மூன்றாம் ஆள். ஆங்கிலத்தில் அது 'அ நம்பயர்' என்று வழங்கி, காதில் 'அன் அம்பயர்' என்று விழுந்து, முன்னால் இருந்த 'ந' எழுத்து கழன்றுவிட்டது. ஏப்ரன் கதையும் இதேதான்: முதலில் நேப்ரன், நாப்கினுக்குச் சொந்தம். நிக்நேம் இதற்கு நேர் எதிர். 'அன் ஈக்நேம்', அதாவது கூடுதல் பெயர், பக்கத்து வீட்டு 'ந' எழுத்தைப் பிடித்துக்கொண்டது. சந்தி பிரித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

கே: காசு பற்றிக் கேட்டவன்தான். ஒலியும் பொருளும் அப்படியே ஒத்துப்போகின்றன. ரொக்கத்துக்கு மட்டும் ஐரோப்பாவைக் காட்டுவது மேலைநாட்டு மோகம்.

ப: ஐயா, ஒலி ஒற்றுமை சாட்சி ஆகாது. எந்த ஆண்டு, எந்தப் பொருளில், யார் எழுதினார் என்று பார்க்க வேண்டும். பழைய ஆங்கில ஏடுகளில் பெட்டி என்ற பொருள் தெளிவாகவே இருக்கிறது. பெட்டியிலிருந்து உள்ளே கிடக்கும் பணத்துக்குப் பொருள் நகர்ந்தது. நமக்குரியதை உறுதியாகக் காட்ட நல்ல சான்று இருக்கும்போது இதற்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாமில் அடித்த செப்பு நாணயத்தைப் பாருங்கள். பாரசீக எழுத்தும், அதன் கீழே ஆங்கிலத்தில் '20 கேஷ்' என்பதும் இருக்கும். எண் மட்டும் ரோமன். 1808 என்று பொறித்த இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் குவியல் குவியலாக மேலே எடுத்தார்கள்.

கே: அப்படியென்றால் ஃபேனம் என்ற பழைய நாணயம்?

ப: அது சந்தேகமில்லாமல் நம் பணம். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். வராகனை அவர்கள் பகோடா என்றார்கள். தின்கிற பக்கோடாவோடு குழப்ப வேண்டாம்.

கே: ரைஸ், அரிசி?

ப: கிரேக்க 'ஒருஸா' வழியாக வந்தது. அதற்கும் முந்தைய வேர் பற்றி அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கே: பகட்டானது என்று பொருள்படும் போஷ் என்பது கப்பல் டிக்கெட்டில் அடித்த முதலெழுத்து என்கிறார்களே?

ப: அப்படி அடித்த ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. மற்றபடி, நியூஸ், கோல்ஃப்.