நூலகத்தில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு: கேள்வி பதில்

நூலகக் கூடத்தில் வாரம் ஒருமுறை, 2 மணி நேரம் ஓவியம் கற்றுத்தரத் திட்டமிடுபவர்களும், அங்கே முதல்முறையாகத் தூரிகை பிடிப்பவர்களும் கேட்டவை.

கேள்வி: 12 பேருக்கு வகுப்பு ஆரம்பிக்கிறோம் சார். ஆயில், அக்ரிலிக், வாட்டர்கலர் மூணுல எதுல தொடங்கலாம்?

பதில்: வாட்டர்கலர். ரசனை எப்படி இருந்தாலும் கூடம் இடம் கொடுக்க வேண்டுமே! ஆயில் பெயின்ட் காய நாள்கணக்காகும். அதைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வாசிப்பறை வரை போகும். அந்த பெயின்ட்டில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அந்த எண்ணெய் காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். புத்தகம் நிறைந்த கட்டடத்தில் அந்த வம்பே வேண்டாம். அக்ரிலிக்கில் வாடை குறைவு, ஆனால் காய்ந்துவிட்டால் அது பிளாஸ்டிக். தரைவிரிப்பில் சிந்தியதை உடனே துடைக்காவிட்டால் அங்கேயே குடியேறிவிடும். வாட்டர்கலர் கறை மேசையிலிருந்து ஈரத்துணிக்கே வந்துவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் விதிவிலக்கு. துணியில் பட்டால் லேசில் போகாது, முதல் சில மாதங்களுக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: ஒருத்தருக்கு என்னென்ன வேணும்? பட்ஜெட் ரொம்பக் கம்மி.

பதில்: தாளில் மட்டும் கை வைக்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), லேசாகச் சொரசொரப்பான வாட்டர்கலர் தாள். ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஒருவருக்கு ஒரு வகுப்புக்குப் போதும். ஒரு பாதி பயிற்சிக்கு, மறுபாதி படத்துக்கு. மிச்சம் பிடிக்க வேண்டியது வண்ணத்தில். 24 நிறப் பெட்டி எதற்கு? 4 டியூப் போதும்: ஹன்சா மஞ்சள், குயினக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் மழைமேகச் சாம்பல் முதல் கிட்டத்தட்டக் கறுப்பு வரை கிடைக்கும், அதனால் கறுப்பும் வாங்க வேண்டாம். தூரிகை இரண்டு: 8ஆம் எண் உருண்டை முனை, 1 அங்குலத் தட்டை. செயற்கை மயிரே போதும். தண்ணீர்க் குவளையும் இரண்டு. ஒன்று கழுவ, மற்றது எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு பழைய பருத்தித் துணி, அட்டை, மாஸ்கிங் டேப்.

கேள்வி: தண்ணி பட்டதும் தாள் படகு மாதிரி வளையுது.

பதில்: நனைந்த நார் உப்பும், நனையாதது உப்பாது. அதனால்தான் வளைகிறது. நான்கு ஓரமும் 1 செ.மீ. உள்வாங்கி டேப்பால் அட்டையோடு ஒட்டிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே பிரிக்க வேண்டும். படத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாய்வாக, மெதுவாக இழுங்கள். தாள் கிழியும்போல இருந்தால் ஹேர் டிரையரால் டேப்பைச் சூடாக்கினால் பசை இளகும். ஏற்கெனவே வளைந்ததைச் சரிசெய்ய, பின்பக்கத்தை மட்டும் லேசாக நனைத்து, இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே வைத்து, இரவு முழுக்கப் பாரம் ஏற்றுங்கள். நூலகத்தில் பாரத்துக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் ஈரத்தின்மேல் நூலகப் புத்தகத்தை அடுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: வானம் நல்லா வருது, காஞ்சதும் நடுவுல காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு. ஏன்?

பதில்: அநேகமாக எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வண்ணம் பூசியதும் தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். முதலில் கண்ணாடிபோல் பளபளக்கும். அப்போது எதைச் சேர்த்தாலும் மென்மையாகக் கலந்துவிடும். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு மங்கிப் பட்டுத்துணிபோல் ஆகும். ஆபத்து இங்கேதான். தாள் அரைகுறையாகக் காய்ந்திருக்கிறது. உங்கள் தூரிகையில் அதைவிட அதிக ஈரம். அந்தத் தண்ணீர் பரவி, இன்னும் ஒட்டாத நிறமித் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. அந்தக் குவியல்தான் திட்டின் விளிம்பு. பளபளப்பு மங்கியதும் தூரிகையைக் கீழே வையுங்கள். புறங்கையால் தொட்டால் தாள் குளிர்ச்சியாக இருக்கிறதா? உள்ளே ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், துணியில் ஒற்றிய தூரிகையில் கெட்டியான வண்ணமாக எடுங்கள். அட்டையின் ஓரத்தில் தேங்கும் தண்ணீரும் திரும்பி உள்ளே ஓடி இதே திட்டை உண்டாக்கும். தூரிகையைப் பிழிந்து அதன் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிவப்பும் நீலமும் கலந்தா ஊதா வரணும், எனக்குச் சேத்து நிறம் வருது.

பதில்: உங்கள் சிவப்பில் மஞ்சள் சாயல் இருக்கிறது. மூன்று முதன்மை நிறமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிப் பழுப்பாகும். மஞ்சள் சாயலில்லாத ரோஸை எடுத்து அல்ட்ராமரினோடு கலந்து பாருங்கள், சுத்தமான ஊதா வரும். டியூப்பின் பின்னால் நிறமிக் குறியீடு இருக்கும்: அல்ட்ராமரினுக்குப் பிபி 29, குயினக்ரிடோன் ரோஸுக்குப் பிவி 19. ஒரே டியூப்பில் இரண்டு மூன்று குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலவை. அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் சீக்கிரம் கலங்கும். கழுவும் குவளை கலங்கியிருந்தாலும் இதே கதி.

கேள்வி: காஞ்சதும் வெளிறிப்போகுது?

பதில்: வாட்டர்கலரின் இயல்பு. ஈரத்தில் வேண்டியதைவிட ஒரு படி அழுத்தமாகப் பூசுங்கள். அக்ரிலிக் நேர்மாறு, காய்ந்தால் நிறம் சற்று அழுத்தமாகும்.

கேள்வி: எனக்குக் கை நடுங்கும். வகுப்புல சேரலாமா?

பதில்: தாராளமாக. சின்னத் தாளும் சின்னத் தூரிகையும்தான் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரிய தாள், 12ஆம் எண் தூரிகை கேளுங்கள். பிடியில் ரப்பர் குழாய் செருகித் தடிமனாக்கினால் விரல் இறுக்கம் குறையும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முதலில் தாளை நனைத்துவிட்டு வண்ணம் விடும் முறையில் கோடு நேராக வர வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: இணையத்துல கிடைச்ச புகைப்படத்தைப் பார்த்து வரைஞ்சு நூலகச் சுவர்ல மாட்டலாமா?

பதில்: வீட்டில் பழக வரைவது வேறு, பொதுவில் மாட்டுவது வேறு. படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. நீங்களே எடுத்த படம், அல்லது மேசைமேல் ஒரு குவளையும் கைக்குட்டையும் வைத்து நேரில் பார்த்து வரைவது. பின்னதில்தான் நிழல் சரியாகப் பிடிபடும்.

கேள்வி: 2 மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறது? எப்பவும் கடைசியில அடிச்சுப்பிடிச்சு ஓடுறோம்.

பதில்: விரிப்பு போட்டு, தண்ணீர் நிரப்ப 15 நிமிடம். செய்துகாட்டல் 20க்கு மேல் போனால் கண் செருகும். வரைய 65 நிமிடம், அதில் முதல் படம் காயும்போது பயிற்சித் தாள். மிச்சம் 20 நிமிடம் சுத்தம் செய்யவே. தூரிகையைக் குவளையில் நிற்கவிட்டால் முனை வளைந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவி, முனையை விரலால் கூர்செய்து, படுக்கவைத்துக் காயவிடுங்கள். கழுவிய தண்ணீரை ஒரே வாளியில் சேர்த்து, அசையாமல் வைத்து, அடுத்த நாள் மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் படிந்த வண்டலைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் காயவைத்துக் குப்பையில் போட வேண்டும்.