வீட்டில் படித்த பிள்ளையா, பள்ளியில் படித்த பிள்ளையா: யார் நன்றாக வருகிறார்கள்?

நாகர்கோவிலில் நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், ஐந்து வயது மகனைப் பாட்டியிடம் விட்டு வீட்டில் வைத்தே படிப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளை இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் வைத்துப் படிப்பித்தவள் நான். ஊர் திருவட்டார் பக்கம்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் ஒன்றாம் வகுப்பு. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்த பிறகும் நான் அனுப்பவில்லை. நான் பி.எட். முடித்து வீட்டில் இருந்தேன். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள்!

ஒருநாள், இரண்டு மலைகளுக்கு நடுவே தூண்கள்மேல் தண்ணீர் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப் போனோம். 28 தூண் என்றால் எத்தனை இடைவெளி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீழே பறளியாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தூணுக்கு நடுவுல 27, ரெண்டு பக்கம் மலையையும் சேத்தா 29, அம்மா" என்றாள். அந்த யோசிக்கும் நேரத்தை நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியராலும் கொடுக்க முடியாது.

ஆனால் 2022-இல் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தபோதுதான் அவளுக்கு என்ன வரவில்லை என்று தெரிந்தது. குறித்த நேரத்துக்குள் ஒரு பக்கம் எழுத வரவில்லை. தன் முறை வரும்வரை பொறுக்க முடியவில்லை. தோழி ஒருத்தி பேசாமல் போனதற்கு மூன்று நாள் அழுதாள். இதையெல்லாம் நான் எப்படி வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? ஆறு மாதத்தில் சரியானாள், அதுவும் மற்றப் பிள்ளைகளால்தான்.

ஆய்வுகளை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1998-இல் ரட்னர் என்பவர் வீட்டில் படித்த 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்தார். மிக நல்ல மதிப்பெண்கள். ஆனால் எல்லாம் தாமாக முன்வந்த குடும்பங்கள், பெற்றோரும் நன்றாகப் படித்தவர்கள். வீட்டுக் கல்விதான் உயர்ந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று அவரே எழுதினார். கனடாவில் 2011-இல் 37 வீட்டுப் பிள்ளைகளையும் 37 பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். திட்டம் போட்டுப் படித்த வீட்டுப் பிள்ளைகள் முந்தினார்கள், பாடத்திட்டமே இல்லாமல் விடப்பட்ட 12 பேர் பின்தங்கினார்கள். என் அனுபவமும் அதுதான். உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டப்படி பயப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மகளைச் சேர்க்க முதலில் போன ஒரு பள்ளியில் டி.சி. இல்லாமல் முடியாது என்றார்கள், சட்டத்தைக் காட்டிப் பேசிய பிறகு இறங்கி வந்தார்கள். 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் எழுதலாம். ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் வீட்டில் வைத்தால் அது போய்விடும்.

உங்கள் வீட்டில் பகலில் பாட்டி மட்டும்தானே? அப்படியென்றால் பள்ளிக்கு அனுப்புங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் அவனோடு உட்காருங்கள். அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தூருக்குக் கூட்டிப் போய் அந்தத் தூண்களை எண்ணச் சொல்லுங்கள்.