அலிஸ்டர் குக்கின் கால் மணி நேரம்: கேள்வி பதில்

பிபிசி வானொலியில் அலிஸ்டர் குக் 58 ஆண்டுகள் நிகழ்த்திய 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' (அமெரிக்காவிலிருந்து கடிதம்) உரைகளைப் பற்றியும், அமெரிக்க வானொலிக் கருத்துரையாளர்களைப் பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, வானொலிக்கு உரை எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருந்த எங்கள் கட்டுரையாளர் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, இந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இந்த அலிஸ்டர் குக்? (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

வடக்கு இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் 1908இல் பிறந்தவர். தந்தை உலோகத் தொழிலாளி. மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்தவர். பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்தார். முதல் உலகப் போரின்போது அவர்கள் வீட்டில் அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் தங்கவைக்கப்பட்டார்கள். அமெரிக்கர்கள் அவருக்கு அறிமுகமானது அப்படித்தான். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1932இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும் பிறகு ஹார்வர்டுக்கும் போனார். போனது நாடகம் படிக்க. ஆனால் காரில் அந்த நாட்டைக் குறுக்கே கடந்தபோது, மேடையில் நடப்பதைவிட ஊர்களில் நடப்பதுதான் அவரை இழுத்தது.

1937இல் அங்கேயே குடியேறினார். 1941 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்கக் குடிமகன் ஆனார். ஆறு நாட்களில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. மான்செஸ்டர் கார்டியன் நாளிதழுக்கு 1972 வரை அமெரிக்காவிலிருந்து எழுதினார். அதோடு சேர்த்து, 1946 மார்ச் 24 முதல் 2004 பிப்ரவரி 20 வரை வாரம் ஒரு வானொலி உரை. மொத்தம் 2,869 உரைகள். கடைசி உரையின்போது அவருக்கு வயது 95. அடுத்த மாதமே நியூயார்க்கில் காலமானார்.

கேள்வி: இவ்வளவு நீண்ட தொடரை பிபிசி எப்படித் திட்டமிட்டது?

திட்டமிடவே இல்லை. 13 வாரங்களுக்குத்தான் ஒப்பந்தம். போர் முடிந்த கையோடு, பிரிட்டனில் ரேஷன் நடந்துகொண்டிருந்த காலம் அது. கடலுக்கு அப்பால் இருக்கும் நட்பு நாட்டில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்க ஆள் இருந்தது. முதல் உரையே அரசியலில் தொடங்கவில்லை. அமெரிக்கப் படைவீரர்களை மணந்த பிரிட்டிஷ் பெண்கள் குவீன் மேரி கப்பலில் கணவன் வீட்டுக்குப் போன பயணத்தைப் பற்றியது.

கேள்வி: அரசியலை அன்றாட வாழ்க்கை வழியாகச் சொன்னார் என்று எழுதுகிறீர்கள். அது எப்படி என்று ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா? (கோவையிலிருந்து ஓர் ஆசிரியர்)

அவர் உரையைத் திரும்பச் சொல்வதைவிட, அவருடைய முறை எப்படி வேலை செய்கிறது என்பதை நானே எடுத்துக்கொண்ட இரண்டு செய்திகளை வைத்துக் காட்டுகிறேன்.

அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் நவம்பர் மாதத்தின் கடைசி வியாழனில் வந்துகொண்டிருந்தது. குடும்பம் கூடி வான்கோழி சமைத்துச் சாப்பிடும் நாள். அது முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும். 1939இல் நவம்பரில் ஐந்து வியாழன்கள் வந்தன. கடைசி வியாழன் 30ஆம் தேதி. பொருளாதார மந்தம் முழுதாக நீங்காத நேரத்தில் விற்பனை நாட்கள் குறைந்துவிடுமே என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். நாடே இரண்டுபட்டது. ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் அதிபரின் தேதியை ஏற்றன. மற்றவை பழைய தேதியிலேயே நின்றன. டெக்சாஸ் போன்ற சில, இரண்டு நாளுமே கொண்டாடின. கல்லூரிகளின் கால்பந்துப் போட்டிகள் குழம்பின. அச்சடித்து வைத்த காலண்டர்கள் தவறாயின. கடைசியில் 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டு முடித்தது.

இதை ஒருவர் நன்றாகச் சொன்னால், அதிபரின் அதிகாரம் எதுவரை செல்லும், மாநிலம் எங்கே முறுக்கிக்கொள்ளும், வியாபாரிகளின் குரல் எப்படி வெள்ளை மாளிகைக்குள் போகிறது என்ற மூன்றும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். கூட்டாட்சித் தத்துவம் என்று ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடத்தில் ரேடியோவை மூடிவிடுவார்.

இன்னொன்று: அதிபர் தேர்தல் ஏன் செவ்வாய்க்கிழமை? 1845இல் போட்ட சட்டம். அன்று பெரும்பாலோர் விவசாயிகள். ஞாயிறு தேவாலயம், வாக்களிக்கும் ஊருக்கு வண்டி கட்டிப் போக ஒரு நாள் வேண்டும், புதன் பல இடங்களில் சந்தை. நடுவே கிடைத்தது செவ்வாய். அந்த விவசாயியும் குதிரை வண்டியும் போயே போய்விட்டன. செவ்வாய் மட்டும் இருக்கிறது. நாடு முழுமைக்குமான பொது விடுமுறையாக அது இல்லாததால், மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் வேலைக்கு முன்போ பின்போ போய் வரிசையில் நிற்கிறார்கள். வாக்குச்சாவடியில் கால் கடுக்க நிற்கும் ஒரு பெண்ணிலிருந்து தொடங்கி 1845 வரை போய் வரலாம். இதுதான் குக் நடந்த பாதை. எதையோ சாதாரணமாகப் பேசிக்கொண்டே வருவார்; எங்கே போகிறார் என்று தெரியாது; பத்தாவது நிமிடத்தில் நாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் நடுவில் நின்றுகொண்டிருப்போம்.

கேள்வி: ராபர்ட் கென்னடி சுடப்பட்டபோது இவர் அங்கே இருந்தாராமே?

ஆம். 1968 ஜூன் 5, நள்ளிரவு தாண்டிய நேரம், லாஸ் ஏஞ்சலிஸில் அம்பாசடர் ஹோட்டல். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கலிபோர்னியா முதற்கட்டத் தேர்தலில் வென்றுவிட்டு, தொண்டர்களிடம் பேசி முடித்து, சமையற்கூடத்தை ஒட்டிய வழியாக, முன்னாள் அதிபர் ஜான் கென்னடியின் தம்பியான ராபர்ட் கென்னடி வெளியே வருகிறார். குக் தற்செயலாகப் பக்கத்து அறையில் இருந்தார். சத்தம் கேட்டு உள்ளே போனவர் கண்டதை ஜூன் 9ஆம் தேதி உரையில் சொன்னார்.

வானொலிக்கு எழுதும் யாரும் அந்த உரையைப் பலமுறை கேட்க வேண்டும் என்பேன். அவர் குரலை உயர்த்தவில்லை. தரையில் கிடந்த முகத்தை, தேவாலயக் கல்லறையின்மேல் செதுக்கிய கல் முகத்தோடு ஒப்பிட்டார். அந்த ஒரு ஒப்புமைக்கு மேல் அலங்காரம் இல்லை. அந்த வாரம் அமெரிக்கா முழுவதும், உலகம் முழுவதும், 'இது நோயுற்ற சமூகம், இந்த நாடே குற்றவாளி' என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டிருந்தார். அதனால் அப்படிச் சொல்வது எளிதாகவும் இருந்தது. குக் அதை ஏற்கவில்லை. கண்ணால் பார்த்தவரே அப்படி மறுத்தபோது அதற்கு ஒரு கனம் இருந்தது. அவர் முடிவோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்பதில்லை. நானே முழுதாக உடன்படவில்லை. ஆனால் அதிர்ச்சியின் நடுவில் நின்றுகொண்டு, எல்லோரும் சொல்வதைச் சொல்லாமல் இருந்த துணிவை மதிக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவின் அழகான பக்கத்தை மட்டும் காட்டியவர் என்ற குற்றச்சாட்டு சரியா? (சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாளர்)

பெருமளவுக்குச் சரி. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், சென்ட்ரல் பார்க்கைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு எழுதியவர். கோல்ஃப், ஜாஸ், வெர்மான்ட் மாநிலத்துப் பனி, லாங் ஐலண்டின் கோடை, இவற்றில் அவருக்கு இருந்த ஈடுபாடு உரைகளில் வழிந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டத்துக்கு அவர் கொடுத்த இடம் போதாது. அந்தப் போராட்டத்தின் அவசரம் அவர் எழுத்தில் ஏறவில்லை என்ற அதிருப்தி அவர் எழுதிய நாளிதழுக்குள்ளேயே இருந்தது. நிதானம் நல்ல குணம்தான். ஆனால் பஸ்ஸில் உட்காரும் உரிமைக்காக அடி வாங்குகிறவருக்கு நிதானமான வருணனை மட்டும் போதாது. இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் பாராட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: நான் டெக்சாஸில் வசிக்கிறேன். இங்கே காரில் ரேடியோவைத் திருப்பினால் அரசியல் என்ற பெயரில் கோபம்தான் கேட்கிறது. குக் பேசிய அதே நாடு இப்படி ஆனது எப்படி?

முதலில் ஒன்று: கோபம் புதிதல்ல. 1930களில் மிச்சிகனிலிருந்து சார்ல்ஸ் காக்லின் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பேசியதைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். போகப் போக அதில் யூத வெறுப்பு கொட்டியது. அதே பத்தாண்டில்தான் ரூஸ்வெல்ட்டும் வானொலிக்கு வந்தார். 1933 மார்ச் 12 இரவு, நாடெங்கும் வங்கிகள் மூடிக்கிடக்கும்போது, வங்கி உங்கள் பணத்தை என்ன செய்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது மக்கள் பணத்தை எடுக்க ஓடவில்லை, திரும்பப் போட வந்தார்கள். ஒரே கருவி, இரண்டு பயன்.

இப்போது நீங்கள் கேட்பதற்குப் பின்னால் சட்டமும் தொழில்நுட்பமும் பணமும் இருக்கின்றன. 1949 முதல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு நியாய விதியை வைத்திருந்தது: சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளை நிலையங்கள் பேச வேண்டும், எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும். 1969இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. 1987இல், ரீகன் ஆட்சியில், ஆணையமே விதியைக் கைவிட்டது. அதற்குள் இசை முழுவதும் எஃப்எம் அலைவரிசைக்குப் போய்விட, ஏஎம் நிலையங்கள் நேயர் இல்லாமல் தவித்தன. அந்தக் காலியிடத்துக்கு 1988 ஆகஸ்டில் ரஷ் லிம்பா என்ற பழமைவாத அரசியல் பேச்சாளர் வந்தார். தினமும் மூன்று மணி நேரம், நாடு முழுவதும். 1994இல் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியபோது, புதிய உறுப்பினர்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கௌரவித்தார்கள். 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற தேசிய வரம்பை எடுத்தது. பிறகு ஓர் ஊரின் நிலையத்தில் அந்த ஊர்க்காரர் பேசுவது அரிதாயிற்று.

இதற்கெல்லாம் அடியில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. குக்கின் நேயர்களுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. அவர்களைத் திரட்டி அவருக்கு ஆவது எதுவுமில்லை, புரியவைத்தால் போதும். லிம்பாவின் நேயர்கள் வாக்காளர்கள். புரியவைப்பதைவிட அவர்களைக் கிளப்பிவிடுவதில் பலன் அதிகம். யாரிடம் பேசுகிறோம் என்பதே குரலை முடிவு செய்கிறது.

கேள்வி: அப்படியானால் அமெரிக்கர்களிடமே பேசி, நிதானமாகவும் இருந்தவர் யாருமில்லையா?

பால் ஹார்வியைக் கேளுங்கள். ஓக்லஹோமாவின் டல்சாவில் பிறந்தவர். 1951 முதல் அவர் இறந்த 2009ஆம் ஆண்டுக்குச் சற்று முன்புவரை சிகாகோவிலிருந்து ஏபிசி வானொலியில் நாடு முழுவதற்கும் பேசியவர். உறுதியான பழமைவாதி, வியட்நாம் போரை ஆதரித்தவர். 1970இல் அதிபர் நிக்சன் போரைக் கம்போடியாவுக்குள் நீட்டியபோது, "அதிபர் அவர்களே, உங்களை நேசிக்கிறேன், ஆனால் நீங்கள் செய்வது தவறு" என்று ஒலிபரப்பிலேயே சொன்னார். நேயர்களில் பலர் கொதித்துப்போனார்கள். தன் கூட்டத்துக்கு எதிராகத் தன் கூட்டத்திடமே பேசுவது குக்கின் பணியைவிடக் கடினம்.

ஒரு குறை: செய்தியையும் விளம்பரத்தையும் அதே குரலில், அதே நம்பிக்கையோடு படித்தார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று கேட்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: குக் இறந்த பிறகு அவர் எலும்புகள் திருடப்பட்டதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. 2005 இறுதியில் வெளிவந்தது. தகனத்துக்கு முன் எலும்புகளை அறுத்தெடுத்து, வயதையும் நோயையும் மாற்றி எழுதி, உடற்பாக வியாபாரத்தில் விற்றிருந்தார்கள். அவரோடு நூற்றுக்கணக்கான உடல்களுக்கு இதே நேர்ந்தது. வழக்கு நடந்து குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள். பிரபலமான ஒரு பெயர் இருந்ததால்தான் மற்ற குடும்பங்களின் துயரமும் செய்தியாயிற்று என்பது என்னை வருத்துகிறது.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து தமிழில் இப்படி வாராந்தர ஒலிக்கடிதம் செய்ய ஆசைப்படுகிறேன். என்ன ஆலோசனை சொல்வீர்கள், ஐயா?

செய்யுங்கள். ஊரில் இருக்கும் ஒரே ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தையோ பழைய வாத்தியாரோ. அவருக்குத் தெரியாததை விளக்குங்கள், தெரிந்ததை விட்டுவிடுங்கள். ஆங்கிலத் தலைப்புச் செய்தியைத் தமிழில் திருப்பிச் சொல்லாதீர்கள். அது அவருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அந்த ஊரில் வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது. வீட்டின் விலைக்கும் பள்ளியின் தரத்துக்கும் உள்ள முடிச்சை ஒரு குடும்பத்தை வைத்து அவிழ்த்தால், அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு எங்கே பிறக்கிறது என்பது விளங்கிவிடும். மருந்துக்கடையில் பில் வாங்கும்போது காப்பீட்டு அட்டை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை வெட்டுங்கள். எண்களை ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். காது எண்ணை வைத்துக்கொள்ளாது. குக் தன் உரையைத் தட்டச்சு செய்துதான் படித்தார். இயல்பாகத் தோன்றிய பேச்சு முழுக்க எழுதப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் குறைவான சொற்களுக்குள் அதை முடித்துவிடுவார்.

கேள்வி: எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? (யாழ்ப்பாணத்திலிருந்து, சிற்றலையில் பிபிசி கேட்டு வளர்ந்த ஒருவர்)

நீங்கள் உலக சேவையில் அவர் குரலைக் கேட்டிருக்கக்கூடும். ஆரம்ப காலப் பதிவுகள் பலவற்றை பிபிசி பாதுகாக்கவில்லை. நேயர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து பின்னாளில் நூற்றுக்கணக்கானவை மீட்கப்பட்டன. 2012இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உரைகளை பிபிசி இணையத்தில் வைத்தது. முதலில் 1968 ஜூன் 9. அடுத்து, பெரிய நிகழ்ச்சி எதுவும் நடக்காத ஏதாவது ஒரு வாரத்தின் உரையைத் தேர்ந்தெடுங்கள். செய்தி இல்லாத வாரங்களில்தான் அவர் மிக நன்றாகப் பேசினார்.