பழங்கால மனித எலும்புகளை விலைக்கு வாங்குவதில் என்ன தவறு?

கேள்வி இதுதான். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் பழைய மண்டையோடும் மம்மியின் கையும் விற்பனைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை, இறந்தவர் இறந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, உரிமை கேட்க வாரிசும் இல்லை. அப்படியிருக்க, ஆர்வமுள்ள ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் என்ன பிழை என்று கேட்கிறீர்கள்.

பிழை என்றுதான் நினைக்கிறேன். வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 'வாரிசு இல்லை' என்று சொன்னீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு. ஒருவர் வாரிசு இல்லாத எலும்பாக ஆவது பெரும்பாலும் தானாக நடப்பதில்லை. எடுத்துப் போனவர்கள் அவருடைய பெயரையும் ஊரையும் எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதத் தேவையில்லை என்று நினைத்தார்கள்.

எங்கள் இலங்கை மலையகத்திலிருந்தே சொல்கிறேன். கண்டியில், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால், கெப்பெட்டிபொல திசாவையின் நினைவுத் தூண் இருக்கிறது. திசாவை என்றால் கண்டி அரசில் ஒரு மாகாணத்தின் தலைவர். 1817-18 ஊவா வெல்லச கிளர்ச்சியில் ஆங்கிலேயருக்கு எதிராக நின்றவர். 1818 நவம்பர் 26 அன்று அவருடைய தலையை வெட்டினார்கள். ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர் மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோனார், அது எடின்பரோவில் மண்டையோட்டு ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1950-களில், அந்த மண்டையோடு திரும்பி வந்து கண்டியில் அடக்கமானது.

அதே எடின்பரோவின் பல்கலைக்கழகத்தில், இலங்கையின் ஆதிவாசிகளான வேடர்களுடைய ஒன்பது மண்டையோடுகளும் இருந்தன. பதுளை மாவட்டத்துத் தம்பானையிலிருந்து ஆதிவாசிகளின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ 2019 நவம்பரில் நேரே அங்கு போய் அவற்றைப் பெற்றுக்கொண்டார். பெயர் தெரிந்த பிரபு ஊருக்கு வந்து அறுபது வருடத்துக்கும் மேலான பிறகுதான் பெயர் தெரியாத ஒன்பது பேருக்கும் வழி பிறந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அந்த ஒன்பது பேரையும் யாரும் ஏலம் போடவில்லை, ஒரு பல்கலைக்கழகத்தில்தான் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் திரும்பி வரவே முடிந்தது. நிறுவனத்தில் பதிவேடு இருக்கும், கடிதம் போட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார். யாரோ ஒருவர் வீட்டு அலுமாரிக்குப் போய்விட்ட மண்டையோட்டை எந்தத் தலைவர் எங்கே போய்க் கேட்பது?

2024 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஓர் ஏல நிறுவனம், கொம்பு பொருத்திய நாகா மண்டையோடு ஒன்றைப் பட்டியலில் போட்டது. மதிப்பு 3,500 முதல் 4,000 பவுண். நாகாலாந்தில் எதிர்ப்பு கிளம்பியது, முதலமைச்சர் இந்திய வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உரியவர்களின் கண்ணில் பட்டதால் நின்ற விற்பனை அது. இன்ஸ்டாகிராமில் நடக்கும் எலும்பு வியாபாரத்தை டேமியன் ஹஃபர், ஷோன் கிரஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தபோது, 2013-இல் 5,200 டொலராக இருந்த தொகை 2016-இல் 57,000 டொலராக ஏறியிருந்தது. அதெல்லாம் வெளிப்படையாக விலை போட்டு விற்றவை மட்டும்.

'பழங்காலத்தது' என்ற விளம்பரத்தை நம்பவும் வழியில்லை. மருத்துவ மாணவர்கள் படிப்பதற்கென்று கல்கத்தாவிலிருந்து தலைமுறை தலைமுறையாக எலும்புக்கூடுகள் வெளிநாடு போயின. 1985-இல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. இன்று அந்த எலும்புகள் வைத்தியர்களின் வீடுகளிலிருந்து கைமாறிக் கைமாறிக் கடைக்கு வந்து, அரும்பொருள் என்ற பெயரில் நிற்கின்றன. ஆயிரம் வருடத்து ஆள் என்று நம்பி நீங்கள் வாங்குவது, உங்கள் தாத்தாவின் வயதில் இருந்த ஒரு கூலிக்காரரின் தலையாக இருக்கலாம்.

கூலிக்காரர் என்று எழுதும்போது எனக்கு எங்கள் ஆட்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, ஒழுங்கான கணக்கும் இல்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் செத்தபோது ஒரு மலைச்சரிவில் இடம் கிடைத்தது, அந்த நிலமும் அவர்களுடையது கிடையாது.

எங்கள் தோட்டத்தில் ஒரு மழைக்காலத்தில் பழைய மயானத்தின் கீழ்ப்பக்கம் சரிந்துவிட்டது. காலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போனவர்கள்தான் பார்த்தார்கள். சிவப்பு மண்ணில் தொடை எலும்பு இரண்டும், தாடையோடு ஒரு மண்டையும் கிடந்தன. பற்களில் வெற்றிலைக் கறை அப்படியே இருந்தது. ஒரு பையன் மம்பட்டியால் தூக்கப் போனான். "மம்பட்டிய கீழ வை தம்பி, கையால எடு" என்றார் எங்கள் பெரியப்பா. "யாரு பெரியப்பா இது?" என்று கேட்டான். "யாரா இருந்தா என்ன, நம்ம தோட்டத்து ஆளு." வெள்ளைத் துணியில் கட்டி மேலே கொண்டுபோய், சூடம் கொளுத்தி, வேறு குழி வெட்டினார்கள். கடைசி லயத்துப் பாட்டி ஒருவர் தன் சுருக்குப் பையிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு துண்டுப் பாக்கும் எடுத்துக் குழிக்குள் வைத்தார். அந்தப் பாட்டிக்கும் அந்த எலும்புக்கும் என்ன உறவு என்று எந்தப் பத்திரத்திலும் காட்ட முடியாது. வாரிசு என்றால் எனக்கு அந்தப் பாட்டிதான்.

சரி, சட்டம். பிரித்தானியாவின் 2004-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம், உடலை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் சம்மதம் வேண்டும் என்ற விதியிலிருந்து, இறந்து நூறு வருடத்துக்கு மேலானவர்களை விட்டுவிடுகிறது. 2025 மார்ச்சில் அங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று, மனித எச்சங்களின் விற்பனையைத் தடை செய்ய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. அதாவது அந்த நாட்டிலேயே இது முடிந்த விஷயம் இல்லை. நூறு வருடம் என்ற கோட்டை நான் ஏற்கவும் மாட்டேன். நூறு வருடத்துக்கு முந்தி எங்கள் தோட்டத்தில் செத்தவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள்.

அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில், கித்துள்கலவில் பெலிலென குகை இருக்கிறது. 10,000 வருடத்துக்கும் மேல் பழமையான மனித எலும்புகள் அங்கே கிடைத்தன, இந்தத் தீவின் ஆதி மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அந்தக் குகை தந்தது. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளை வைத்து, சுமார் 2,500 வருடத்துக்கு முந்திய இரண்டு பேரின் முகங்களை 2025-இல் உருவாக்கிக் காட்டினார்கள். எந்த மண்ணடுக்கு, எந்தத் தாழி, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அந்த எலும்புகளுக்கு ஒரு ஊரும் காலமும் இருக்கின்றன. சந்தைக்கு வரும் எலும்பில் முதலில் தொலைவது அதுதான். ராத்திரியில் புதையல் தோண்டுகிறவன் குறிப்பு எழுதிக்கொண்டா தோண்டுவான்?

எனக்கே பதில் கஷ்டமாக இருப்பது இன்னொரு கேள்வி: விற்பனைக்கு வந்துவிட்டதை மீட்பதற்காக வாங்கலாமா? இது புதிய கேள்வி இல்லை. 1560-இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கேயர் புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். (உண்மையான பல் அவர்கள் கையில் சிக்கவே இல்லை என்பது கண்டிப் பௌத்தர்களின் நம்பிக்கை.) இன்றைய மியன்மாரில் இருந்த பெகு நாட்டு அரசர் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தார். பணத்தை வாங்கலாம் என்று சிலரும், கூடவே கூடாது என்று பேராயரும் சொல்ல, கடைசியில் அதை இடித்துப் பொடியாக்கிவிட்டார்கள். விலை பேசிய அரசரை நான் எப்படிக் குறை சொல்வேன்? 2025-இலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1898-இல் வட இந்தியாவின் பிப்ராவாவில் புத்தருடைய எலும்புத் தாதுக்களோடு சேர்ந்து கிடைத்த மணிகள் ஹொங்கொங்கில் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசு எதிர்த்ததால் ஏலம் நின்றது, பிறகு கோத்ரேஜ் குழுமம் தலையிட்டு வாங்கி, அவை இந்தியாவுக்குத் திரும்பின. பக்தர்களுக்கு நிம்மதிதான். ஆனால் விற்றவருக்கும் காசு போய்ச் சேர்ந்தது.

என் முடிவு இது: வேறு வழியெல்லாம் அடைபட்ட பிறகு, அந்தச் சமூகமோ அரசோ மீட்பதற்காக வாங்கினால் நான் எதிர்க்க மாட்டேன். தனி ஆள் 'நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன்' என்று வாங்குவதை ஏற்க மாட்டேன். அந்தக் காசு அடுத்த மண்டையோட்டைத் தேடிப் போகும். ஏலத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் பட்டியலைப் படம் எடுத்து, அது எந்த மக்களுடையது என்று போட்டிருக்கிறதோ அவர்களுடைய அமைப்புகளுக்கு அனுப்புங்கள். நாகாலாந்து விஷயத்தில் விலை பேசாமலே காரியம் நடந்தது.

அப்புறம், நிலத்தில் எலும்பு கிடைத்தால் பழசு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 2012-இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தபோது, அவை 1940-களின் நோய்ச் சாவுகளா, 1980-களின் கடைசியில் அரசுக்கு எதிரான கிளர்ச்சிக் காலத்தில் காணாமல் போன பிள்ளைகளா என்பதே பெரிய வழக்காகிவிட்டது. தோண்டுவதை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள். நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் பார்ப்பார்கள், உண்மையிலேயே பழையதென்றால் தொல்லியல் திணைக்களத்துக்குப் போகும்.

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால், தாத்தா வாங்கி வைத்தது என்று வைத்துக்கொள்வோம், விற்கவும் வேண்டாம், பயந்துபோய் ஆற்றில் போடவும் வேண்டாம். ஒரு அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதுங்கள். வாங்கிய ரசீது, பெட்டியில் ஒட்டிய பழைய சீட்டு, அது பற்றி எழுதிய கடிதம், எதுவாக இருந்தாலும் எலும்போடு சேர்த்தே கொடுங்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்று தேடப் போகிறவர்களுக்கு அந்தக் கிழிந்த சீட்டில் இருக்கும் ஒரு இடப்பெயர் போதும்.