எலுமிச்சையின் நிழல் ஏன் பச்சையாகிறது?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் பழ ஓவியங்களைப் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் ஆப்பிளும் எலுமிச்சையும் வரைந்தேன். பழங்கள் மெழுகு பொம்மை மாதிரி இருக்கின்றன. நிழல் பக்கம் ஒரே அழுக்கு. எங்கே தவறு?

பதில்: உங்கள் எலுமிச்சையின் நிழல் பச்சையடித்து, அழுகத் தொடங்கியதுபோல் தெரிகிறதா? அப்படியென்றால் மஞ்சளில் கருப்பைக் கலந்திருக்கிறீர்கள். அவை இரண்டும் சேர்ந்தால் பச்சைச் சாயல்தான் வரும். கருப்புக்குப் பதில் துளி ஊதா சேருங்கள். மஞ்சள் அடங்கும், சாகாது. சிவப்பு ஆப்பிளின் நிழலுக்கு அடர் கிரிம்ஸன் என்ற கருஞ்சிவப்பும் கொஞ்சம் நீலமும் போதும்.

1905-ல் மோனே ஒரு கடிதத்தில் தன் வண்ணங்களைப் பட்டியலிட்டார்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் என்ற பளீர் சிவப்பு, அடர் மேடர் என்ற கருஞ்சிவப்பு, கோபால்ட் நீலம், எமரால்டு பச்சை. அவ்வளவுதான், கருப்பே இல்லை. அதற்காகக் கருப்பைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். மனே என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர் அதை வைத்து என்னென்னவோ செய்திருக்கிறார். ஆனால் நிழலைக் காட்ட அது குறுக்குவழி, அவ்வளவே.

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் உள்ள மோனேயின் 'ஆப்பிள்களும் திராட்சைகளும்' (1880) ஓவியத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, மேசைத்துணியை மட்டும் பாருங்கள். வெள்ளைத் துணி என்று நினைப்போம். நீலமும் இளம் ஊதாவும் ஊடே ஓடும். உங்கள் மேசையிலும் இது நடக்கிறது. ஆப்பிளின் அடிப்பக்கத்தில் துணியின் வெளிச்சம் ஏறும், துணியில் ஆப்பிளின் சிவப்பு கசியும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், தெரியும். டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒன்றிலிருந்து, பக்கவாட்டில் வரும் வெளிச்சம் போதும்.

மெழுகுத்தன்மைக்குக் காரணம் வேறு: தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எல்லா விளிம்பையும் மழமழவென்று ஆக்கிவிட்டீர்கள். வைத்த தீற்றலை அப்படியே விடுங்கள். ஆப்பிளில் உருண்டையோடு வளைந்து போகட்டும், துணியில் மடிப்போடு. எலுமிச்சைத் தோலின் குழிகளைப் பழம் முழுக்கப் புள்ளி வைக்க வேண்டாம். வெளிச்சம் நிழலாக மாறும் அந்தச் சின்னப் பட்டையில்தான் அவை நன்றாகத் தெரியும், அங்கே நாலு தடித்த தீற்றல் போதும். பளிச்சென்ற புள்ளியைக் கடைசியில், கெட்டியாக, ஒரே தொடுகையில். அதுவும் சுத்த வெள்ளை அல்ல, ஜன்னல் வானத்தின் இளநீலம் கலந்த வெள்ளை.

அடுத்து கருந்திராட்சை வைக்கப்போவதாக இருந்தால், வரைந்து முடிக்கும்வரை கழுவாதீர்கள். மேலே படிந்திருக்கும் அந்தச் சாம்பல்நீலப் பூச்சு கைபட்டாலே போய்விடும். காய்ந்த தூரிகையில் சாம்பல்நீலத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்தால் அது அப்படியே வரும்.