கண்டிப்பா, கலந்து பேசுவதா? ஒரு புதிய மேலாளரின் கேள்வி

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஆறு மாதம் முன்பு பொது மேலாளராகப் பொறுப்பேற்றேன். எனக்கு முன்பு இருந்தவர் படு கண்டிப்பு, எல்லாவற்றையும் அவரே முடிவு செய்வார். நான் அப்படி இருக்கக் கூடாது என்று எல்லோரையும் கேட்டே எதையும் செய்கிறேன். ஆனால் மீட்டிங் முடிவதே இல்லை, வேலைகள் கெடு தாண்டிப் போகின்றன. "பழையவரே தேவலை" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். நான் எந்தத் தலைமைப் பாணியைப் பின்பற்றுவது?

பதில்: முதலில் அந்தப் "பழையவரே தேவலை"யை எடுத்துக்கொள்வோம். அதைக் கேட்டு நொந்துபோய் நீங்களும் கண்டிப்புக்குத் தாவிவிடாதீர்கள். உங்கள் ஆட்கள் திட்டு வாங்க ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. பழையவர் காலத்தில் ஒரு விஷயம் முடிவாகிவிட்டதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிக்கிறதோ இல்லையோ, மறுநாள் காலை வந்து என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது. இப்போது செவ்வாய்க்கிழமை பேசி முடித்ததாக நினைத்த விஷயம் வெள்ளிக்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அந்த எரிச்சல்தான் அப்படி வெளிவருகிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஏதாவது ஒரு பாணியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன்படியே நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே மேலாளர் ஒரே நாளில் மூன்று முடிவுகளை மூன்று விதமாக எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். என்ன முடிவு என்று முதலில் பாருங்கள், எப்படி எடுப்பது என்பது அதிலிருந்து வரும்.

தலைமைப் பாணி பற்றிய ஆய்வுகளில் பழையதும் பிரபலமானதுமான ஒன்று 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது. கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய மூன்று உளவியலாளர்களும் பத்து வயதுச் சிறுவர்களைக் கைவேலைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று விதமான தலைவர்களிடம் விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ஆணையிடுபவர், ஒருவர் கலந்து பேசுபவர், ஒருவர் எதையும் கண்டுகொள்ளாதவர். ஆணையிடுபவரின் கீழும் வேலை நன்றாகவே நடந்தது, ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசுபவரின் குழு அவர் இல்லாதபோதும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வேலை செய்தது. கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குழு எதிலும் தேறவில்லை. சிறுவர்களிடம் செய்த சோதனையை அப்படியே ஆபீசுக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் இரண்டு நாள் லீவு போட்டால் உங்கள் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பாணியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்றாவதில் விழுந்துவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் யாரும் முடிவு சொல்லாமல் கலைவது கலந்தாலோசனையில் சேராது.

விக்டர் வ்ரூம், பிலிப் யெட்டன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் இருவரும் 1973-ல் ஒரு முறையை முன்வைத்தார்கள். எனக்குத் தெரிந்தவரை நடைமுறைக்கு இதுதான் மிகவும் உதவும். முடிவெடுப்பதில் ஐந்து படிகள் உண்டு என்றார்கள். கையில் உள்ள தகவலை வைத்துத் தனியாக முடிவு செய்வது ஒன்று. ஆட்களிடம் தகவல் மட்டும் வாங்கிக்கொண்டு முடிவு செய்வது அடுத்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டு முடிவு செய்வது, எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்வது, கடைசியாகக் குழுவே சேர்ந்து முடிவு செய்வது. எந்தப் படி என்பதற்கு அவர்கள் நீளமான கேள்விப் பட்டியல் தருகிறார்கள். அன்றாடத்துக்கு மூன்று கேள்வி போதும். இந்த விஷயம் யாருக்கு நன்றாகத் தெரியும்? மனமில்லாமல் செய்தால் கெட்டுப்போகிற வேலையா இது? எவ்வளவு நேரம் இருக்கிறது? நான் சேர்த்துக்கொள்ளும் நான்காவது கேள்வி: தப்பாகப் போனால் திருப்பிக்கொள்ள முடியுமா?

இதை வைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் அட்டவணையை மாற்ற வேண்டும். யாருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அதன்படி நடக்கப்போவதும் அவர்கள்தான். எத்தனை பேர் எப்போதும் இருக்க வேண்டும் என்ற வரம்பை மட்டும் சொல்லிவிட்டு, அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விடுங்கள். புதிய கணக்கு மென்பொருள் வாங்க வேண்டும். அதில் நாள் முழுக்க உட்காரப்போகிற மூன்று நான்கு பேரைக் கேட்டால் போதும், நாற்பது பேர் எதற்கு? வாடிக்கையாளர் தகவல் வெளியே கசிந்துவிட்டது. இதற்கு மீட்டிங்கே வேண்டாம். யார் எதை நிறுத்த வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நீங்களே மளமளவென்று உத்தரவு போடுங்கள். எப்படிக் கசிந்தது என்று எல்லோருமாக உட்கார்ந்து பேச அப்புறம் நேரம் இருக்கும். பாதுகாப்பு விதி, பணக்கணக்கு, ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்திய புகார் போன்றவற்றைக் குழுவின் விருப்பத்துக்கு விடவே கூடாது.

எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மேலாளர்கள் சறுக்குவது இங்கேதான். மனதுக்குள் முடிவை எடுத்து வைத்துக்கொண்டு, "இதைச் செய்யலாம்னு இருக்கேன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். ஒருவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார், ஒருவர் "நல்லாத்தான் இருக்கு சார்" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். உண்மையான கருத்து மீட்டிங் முடிந்து வராந்தாவில்தான் வரும். முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், "இது முடிவாகிவிட்டது, எப்படிச் செய்வது என்று மட்டும் பேசலாம்" என்று சொல்லுங்கள். கருத்து வேண்டுமென்றால், "உங்கள் யோசனையை வியாழன் வரை கேட்கிறேன், வெள்ளிக்கிழமை நான் முடிவு சொல்வேன்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சொல்லியும் விடுங்கள். யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ அவரிடம் காரணத்தை நேரில் சொன்னால் மனக்கசப்பு பாதி குறையும். கேட்கும்போது உங்கள் கருத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவைப் பார்ப்பது போலவே ஆளையும் பார்க்க வேண்டும். பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற மேலாண்மை அறிஞர்கள் இருவரும் 1969-ல் சொன்னது இதைத்தான். வேலை தெரியாத புது ஆளுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், வேலை தெரிந்த ஆர்வமுள்ள ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். இந்தக் கோட்பாட்டுக்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை, ஆனாலும் அனுபவத்தில் இது பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பத்து வருடம் வேலை பார்த்தவரும் புதிய மென்பொருளின் முன்னால் புது ஆள்தான். மூத்தவராயிற்றே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டால் அவரும் கூச்சப்பட்டுக் கேட்க மாட்டார். ஒப்படைக்கும்போது எந்தத் தேதி, எவ்வளவு செலவு வரை அவரே முடிவு செய்யலாம், எது நடந்தால் உடனே உங்களிடம் வர வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிக் கொடுங்கள்.

"என் சுபாவமே மென்மை, உத்தரவு போட வராது" என்று நீங்கள் சொல்லலாம். சுபாவம் லேசில் மாறாது என்று ஃப்ரெட் ஃபீட்லர் என்ற உளவியலாளரும் 1960களிலேயே வாதிட்டார். ஆளை மாற்றுவதைவிடச் சூழலை ஆளுக்கு ஏற்ப மாற்றுங்கள் என்பது அவர் யோசனை. கெடுவை விடாமல் துரத்தக்கூடிய ஒருவர் உங்களிடம் நிச்சயம் இருப்பார். அன்றாடக் கண்காணிப்பை அவரிடம் கொடுத்து, அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மென்மையை முழுசாகத் தூக்கி எறியவும் வேண்டாம். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற மேலாண்மை ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் தவறை வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்களுக்கு முன்பு இருந்தவரின் காலத்தில் எத்தனை தவறுகள் மேசை டிராயருக்குள் போயினவோ, யார் கண்டது.

வரும் திங்கட்கிழமை, இழுத்துக்கொண்டே இருக்கும் முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று விஷயம்: யாரைக் கேட்க வேண்டும், யார் முடிவு சொல்வது, எந்தத் தேதிக்குள். யார் முடிவு சொல்வது என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். குழு முடிவு செய்வதாக இருந்தால், அதை அறிவிக்கப்போகிறவரின் பெயர். தாளை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.