சந்தேகம் என்ற பட்டன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் கேம்களைப் பற்றி எழுதியபோது எல்.ஏ. நுவாரைப் போகிறபோக்கில் பாராட்டியிருந்தீர்கள். நண்பனிடம் பழைய பிஎஸ்3 கேம் பெட்டியும் அந்த டிஸ்க்கும் கிடைத்தது, ஆடிப் பார்த்தேன். 1947-ம் வருட லாஸ் ஏஞ்சலஸ், தொப்பியும் கோட்டும் போட்ட போலீஸ், பெரிய பெரிய கார்கள், எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் விசாரணை? எதிரில் இருப்பவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றி 'சந்தேகம்' பட்டனை அழுத்தினால், நம் நாயகன் கோல் ஃபெல்ப்ஸ் சாமி வந்தவர் மாதிரி கத்துகிறார். கொலைப் பிரிவுக்கு வந்த பிறகு கேஸுக்கு ஒருவனை உள்ளே தள்ளுகிறேன், ஆனால் அவன்தான் செய்தான் என்று ஒரு கேஸில்கூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கேள்வியிலும் தப்பு செய்தாலும் கேஸ் எப்படியோ முடிந்துவிடுகிறது. இதில் துப்பறிவது எங்கே இருக்கிறது? பாதியில் நிறுத்திவிட்டேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

கொலைப் பிரிவின் நடுவிலா நிறுத்தினீர்கள்? அடடா. கதையை உடைக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் அந்தப் பட்டன். தப்பு உங்கள் மேல் இல்லை. விசாரணையில் ஒருவர் பதில் சொன்னதும் நாம் மூன்றில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், கேமை உருவாக்கும்போது அந்த மூன்றுக்கும் வேறு பெயர்கள் இருந்தன: நயமாகப் பேசு, மிரட்டு, பொய் என்று சொல். ஃபெல்ப்ஸாக நடித்த ஆரன் ஸ்டேட்டன் 'மிரட்டு' என்பதற்கு ஏற்ப மிரட்டிவிட்டுப் போய்விட்டார். 2011-ல் கேம் வெளிவந்தபோது அந்த 'மிரட்டு' பட்டனின் மேல் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தது. 2017 மறுபதிப்பில் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு என்று மாற்றினார்கள். இப்போது பட்டனைப் பார்த்தாலே கத்தப்போகிறார் என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். நடிகரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் 32 கேமராக்களால் முகத்தை மட்டும் பிடித்தார்கள், உடம்பின் அசைவு தனியாக எடுத்தது. சில இடங்களில் தலை வேறு யாருடைய கழுத்திலோ வைத்த மாதிரி இருப்பது அதனால்தான். பொய் சொல்கிறவர் கண்ணை உருட்டி, உதட்டைக் கடித்து, எச்சில் விழுங்கி நமக்குக் காட்டிக்கொடுப்பார். நிஜத்தில் யாரும் இவ்வளவு உதவி செய்வதில்லை. பாண்ட், டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2006-ல் எழுதியதன்படி, பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் நூற்றுக்கு 54 தடவைதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். ஆகவே நீங்கள் தடுமாறியதற்கு வெட்கப்பட வேண்டாம்.

சரி, கொலைப் பிரிவுக்கு வருகிறேன். அதில் ஒரு கேஸில் இரண்டு பேர் சிக்குவார்கள். ஒருவன் செத்துப்போனவளின் கணவன், ரத்தம் பட்ட காலணியை எரித்தவன். இன்னொருவன் சிறுபிள்ளைகளைச் சீரழித்தவன். தடயங்களை நேர்மையாகப் பார்த்தால் கணவன் பக்கம்தான் சாய்கின்றன, நானும் அவன் மேல் கேஸ் போட்டேன். கொலைப் பிரிவின் மேலதிகாரி கேப்டன் டோனலி என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். அந்த அயோக்கியனை வெளியே விட்டுவிட்டாயே என்று. மதிப்பெண்ணாக வரும் நட்சத்திரங்களும் குறைந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேஸைத் திரும்ப முதலிலிருந்து ஆடி, இந்தத் தடவை கேப்டனுக்குப் பிடித்தவனை உள்ளே தள்ளி ஐந்து நட்சத்திரமும் வாங்கிக்கொண்டேன். அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தெரிகிறது, இரண்டு பேருமே கொல்லவில்லை.

நீங்கள் குறை என்று எழுதியிருக்கிற அந்த நெருடலுக்காகத்தான் நான் இந்த கேமைப் பாராட்டினேன். கெட்டிக்காரத் துப்பறிவாளனாக நம்மை உட்காரவைப்பதாகச் சொல்லிவிட்டு, மேலிடத்துக்கு ஒரு ஆள் தேவைப்படும்போது ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிற போலீஸ்காரனாக ஆக்கிவிடுகிறது. கேள்விகளைத் தப்பாகக் கேட்டாலும் கேஸ் முடிவது சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன், எங்கேயாவது ஒரு கேஸாவது கைவிட்டுப் போகவேண்டும். ஆனால் இந்தப் பிரிவில் மட்டும் அந்தச் சோம்பேறித்தனமே பொருந்திவிடுகிறது.

எனக்கு இருக்கிற குறை வேறு. 1947 ஜனவரி 15 அன்று நிஜ லாஸ் ஏஞ்சலஸின் லைமர்ட் பார்க் பகுதியில் ஒரு காலி மனையில் எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண்ணின் உடல் இரண்டு துண்டாகக் கிடந்தது. 'பிளாக் டாலியா' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த அந்தக் கொலையில் இன்றுவரை கொலைகாரன் யார் என்று தெரியாது. பெண்களின் கொலைகள் இப்படித் துப்புத் துலங்காமல் கிடப்பதை 1949-ல் கவுண்டி கிராண்ட் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட விசாரணைக் குழு) விசாரித்து, போலீஸைக் கண்டித்தது. கேமின் கொலைப் பிரிவு 1947-ம் வருடத்துக் கொலைகளை வைத்துக் கட்டியதுதான். ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் செய்தது ஒரே ஆள் என்று சொல்லி, அவன் அனுப்பும் கவிதை வரிகளைப் பிடித்துக்கொண்டு நகரம் முழுக்கப் புதையல் வேட்டை ஆடவிட்டு, அவனை நம் கையாலேயே சுடவைக்கிறது. விஷயம் வெளியே வராமல் மூடப்படுவதும், உள்ளே இருக்கிற அப்பாவிகள் சத்தமில்லாமல் விடுவிக்கப்படுவதும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், அவ்வளவு நேரம் நம் கையில் அழுக்கைப் பூசியவர்கள் கடைசியில் அவர்களே சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டாம்.

நகரம் அழகு என்றீர்கள். அந்தக் காலத்தில் ராபர்ட் ஸ்பென்ஸ் என்பவர் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாகக் கட்டியது அது. பங்கர் ஹில் என்ற மேட்டின் பழைய மரவீடுகள் நிஜத்தில் இப்போது இல்லை, இடித்துவிட்டு உயரக் கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். அந்த மேட்டில் ஏறும் குட்டி ரயில், ஏஞ்சல்ஸ் ஃபிளைட், 1901-ல் வந்தது, 1969-ல் கழற்றி வைத்து 1996-ல் கொஞ்சம் தள்ளித் திரும்ப ஓடவிட்டார்கள். ஒரு பொய்யும் இருக்கிறது: பிரம்மாண்டமான பழைய பாபிலோன் சினிமா செட் ஒன்றில் ஒரு துரத்தல் வரும், 1947-ல் அது நின்றிருக்க வாய்ப்பே இல்லை, எப்போதோ இடித்தாகிவிட்டது. இந்தப் பொய்யை மட்டும் மன்னித்துவிட்டேன், அந்தத் துரத்தல் அவ்வளவு நன்றாக இருக்கும்.

இவ்வளவையும் கட்டிய, சிட்னியிலிருந்த 'டீம் பாண்டை' என்ற நிறுவனத்தை கேம் வந்த அதே வருடம் மூடிவிட்டார்கள். வேலை செய்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர் கேமின் கடைசியில் ஓடும் பட்டியலில் இல்லை, அவர்களாகவே இணையத்தில் தனிப் பட்டியல் போட்டுக்கொண்டார்கள்.

டிஸ்க்கை நண்பனிடம் திருப்பிக் கொடுக்குமுன் கொலைப் பிரிவையாவது முடித்துவிடுங்கள். கொலைகாரன் யார் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கனவே அவனிடம் பேசியிருக்கிறீர்கள்.